அவனுக்கும் எனக்கும் ஒரே கணக்கா?

கேள்வி:

ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 54. பெரம்பூரில் இருக்கிறேன். ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 30 வருஷமாக ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். சம்பளம் வந்ததும் முதலில் பத்தில் ஒரு பங்கு, தசமபாகத்தை, எடுத்து வைப்பேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒருவேளை உபவாசம். பக்கவாதத்தில் விழுந்த அம்மாவை நாலு வருஷம் நான்தான் பார்த்தேன். ஜெபம், வேதவாசிப்பு, உபவாசம், காணிக்கை எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வருகிறேன்.

என் தம்பி குடித்தே வாழ்ந்தான். அம்மாவின் சங்கிலியை விற்றான். என் ஆறு பவுன் வளையல் அடகுக் கடைக்குப் போய் மூழ்கிவிட்டது. கல்லீரல் கெட்டுப்போய், போன தை மாதம் இறந்தான். கடைசி 19 நாள் ஆஸ்பத்திரியில் அழுதான், ஜெபித்தான், இராப்போஜன அப்பமும் ரசமும் வாங்கினான். அடக்க ஆராதனையில் போதகர் ‘இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்’ என்ற வசனத்தை எடுத்துப் பேசினார். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் என் கையைப் பிடித்து, ‘தம்பி நல்ல சாட்சியோடு போயிட்டார்’ என்றார்கள். ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டான். என்னிடம் கேட்கவே இல்லை.

அவனுக்கும் எனக்கும் ஒரே கணக்கா? அப்படியென்றால் என்னுடைய 30 வருஷம் எதற்கு? இப்படி யோசிக்கிற நான் தகுதியில்லாதவள், அபாத்திரமானவள் என்று நாலு மாதமாக இராப்போஜனம் எடுப்பதில்லை. இப்போது தம்பி மனைவி, பையனுடைய பிளஸ் ஒன் ஃபீஸுக்கு என்னிடம் வந்து நிற்கிறாள். மறுபடியும் நானா?

பெயர் வேண்டாம், பெரம்பூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

ஆமாம், ஒரே கணக்குதான். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போதகர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கசப்பான பதிலை மூன்று வசனத்தில் பொதிந்து, கேட்டவர் எழுந்து போகிற நேரத்தில் கையில் கொடுப்போம். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர். கடைசித் தொகையை முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் வரிவரியாகச் சரிபார்க்கத் தெரிந்தவர். அப்படியே செய்வோம்.

அதற்கு முன்னால் ஒன்று. கல்லறைத் தோட்டத்தில் உங்கள் கையைப் பிடித்தவர்களில் ஒருவராவது, ‘உன் வளையலை அழித்தவன் போய்விட்டான், உனக்கு எப்படியம்மா இருக்கிறது?’ என்று கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. செத்தவரைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டும் என்பது நம் ஊர் மரியாதை. அந்த மரியாதையில் உயிரோடு இருப்பவர்களின் நியாயம் அமுங்கிப் போகிறது. உங்கள் தம்பி உங்களுக்குச் செய்தது அநியாயம். அவர் மனந்திரும்பியதால் அது அநியாயம் இல்லை என்று ஆகிவிடாது. உங்கள் கோபமே கிருபைக்கு விரோதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம்.

ரோமர் என்ற நிருபத்தின் நாலாம் அதிகாரத்தை அப்போஸ்தலன் பவுல் கிட்டத்தட்ட உங்கள் தொழில் மொழியில்தான் எழுதியிருக்கிறார். ‘கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்.’ மாதம் முழுக்க நீங்கள் வேலை பார்த்தால், மாதக் கடைசியில் கம்பெனி உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. சம்பளத்தைக் கொடுத்துவிட்டு ‘இது என் தயவு’ என்று முதலாளி சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். வரத்தான் வேண்டும். அடுத்த வசனத்தில் பவுல் தலைகீழாகத் திருப்புகிறார்: ‘ஒருவன் கிரியை செய்யாமல் பாவியை நீதிமானாக்குகிறவரிடத்தில் விசுவாசம் வைக்கிறவனாயிருந்தால், அவனுடைய விசுவாசமே அவனுக்கு நீதியாக எண்ணப்படும்.’ இந்த ‘எண்ணப்படும்’ என்பதற்குக் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல், ஒருவர் பேரில் வரவு வைப்பதற்குப் புழங்கிய கணக்குச் சொல். அந்த ஒரு அதிகாரத்தில் மட்டும் 11 தடவை வருகிறது. பவுல் வேண்டுமென்றேதான் அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஆபிரகாமின் பேரில் நீதி வரவு வைக்கப்பட்டது. அந்தத் தொகையை அவன் எங்கும் சம்பாதிக்கவில்லை.

இந்த நிருபத்தைத் தமிழுக்குக் கொண்டுவர உழைத்தவர்களில் ஒருவர் உங்களுக்குப் பக்கத்து ஏரியாக்காரர். வேப்பேரியில் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனரி பப்ரிசியஸ். 1761இல் பாண்டிச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர்கள் அங்கிருந்து தூக்கிவந்த அச்சுப்பொறி அவர் கைக்கு வந்தது. அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. மொழியில் அத்தனை கவனமாக இருந்த அந்த மனிதர் பணக் கணக்கில் மட்டும் ஏமாளி. நம்பிக் கொடுத்த பணம் திரும்பி வராமல், வயதான காலத்தில் கடனுக்காகச் சிறையில் இருந்தார். ‘கடனென்றெண்ணப்படும்’ என்ற வரியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும். சிறைக்குள் அந்த வரி அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசிப்பேன்.

நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இலவசமாக வாங்க நமக்குத் தெரியாது. கல்யாண மண்டபத்தில் நோட்டோடு ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, அவரை நினைத்துப் பாருங்கள். பேர், ஊர், தொகை. இருபது வருஷம் கழித்து அந்த வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பும் முன்னால் அந்த நோட்டைத் தேடி எடுப்போம். அவர்கள் 501 எழுதியிருந்தால் நாம் 1001ஆவது எழுத வேண்டும். மொய் என்பது அன்பளிப்பு மாதிரி உடுத்திக்கொண்டு வருகிற கடன்தான். நான் அதைக் குறை சொல்லவில்லை. எத்தனையோ ஏழை வீட்டுக் கல்யாணங்கள் அந்தக் கடனில்தான் நடந்திருக்கின்றன. ஆனால் அதே நோட்டைத் தேவசமுகத்துக்கும் எடுத்துக்கொண்டு போகிறோமே, அதுதான் பிரச்சினை. ‘ஆண்டவரே, இத்தனை லெந்து எழுதியிருக்கிறேன். என் வீட்டு விசேஷத்துக்கு நீர் எவ்வளவு எழுதுவீர்?’

நானும் அப்படித்தான் இருந்தேன். ஊழியத்துக்கு வந்த புதிதில் வடசென்னையில் ஒரு சபை. எந்தெந்த வீட்டைச் சந்தித்தேன், எந்த ஆஸ்பத்திரியில் யாருக்காக ஜெபித்தேன் என்று டைரி நிறைய எழுதுவேன். ராத்திரி அதைப் புரட்டிப் பார்த்தால்தான் தூக்கம் வரும். மூன்றாவது வருஷம் மஞ்சள்காமாலை வந்து ஆறு வாரம் படுத்துவிட்டேன். டைரியில் எழுத ஒன்றுமில்லை. கோயிலைப் பெருக்குகிற அம்மா தினமும் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். பத்தாவது நாள் தாங்க முடியாமல் தலையணைக்கு அடியிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. ‘கஞ்சிக்குக் காசு குடுத்துட்டா நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவேன், ஐயரே?’ என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். இறையியல் கல்லூரியில் நாலு வருஷம் படித்ததைவிட அந்த ஒரு கேள்வி என்னை அதிகம் படுத்தியது. நான் பணம் கொடுத்திருந்தால் அவர் கூலிக்காரியாகியிருப்பார், நான் முதலாளியாகியிருப்பேன். எனக்கு அதுதான் வசதியாக இருந்திருக்கும்.

‘இலவசமாய் அவருடைய கிருபையினாலே’ என்கிறது ரோமர் 3:24. இலவசம் என்றதும் நம் ஊரில் மிக்சியும் கிரைண்டரும் ஞாபகத்துக்கு வரும். பிற்பாடு அரசாங்கமே ‘இலவச’ என்பதை விட்டுவிட்டு ‘விலையில்லா’ என்று எழுத ஆரம்பித்தது. அது போகட்டும். பவுல் அங்கே எழுதிய கிரேக்கச் சொல் யோவான் 15:25இலும் வருகிறது. அங்கே நம் வேதாகமம் அதை வேறு மாதிரி மொழிபெயர்க்கிறது: ‘முகாந்தரமில்லாமல் என்னைப் பகைத்தார்கள்.’ இயேசுவைப் பகைக்க அவரிடத்தில் முகாந்தரம் ஒன்றுமில்லை. நம்மை நீதிமான்களாக்க நம்மிடத்திலும் முகாந்தரம் ஒன்றுமில்லை. இரண்டு இடத்திலும் ஒரே சொல்.

இப்போது உங்கள் கடிதத்தைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். தம்பி 19 நாளில் வாங்கியதை நீங்கள் 30 வருஷம் கட்டி வாங்கினீர்கள், அவருக்கு மலிவாகக் கிடைத்துவிட்டது என்பதுதான் உங்கள் வழக்கு. அவருடைய 19 நாள் கண்ணீரும் விலை இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் அழுததால் பரலோகம் கொடுக்கப்பட்டது என்றால் அதுவும் கூலிதான், கொஞ்சம் குறைந்த கூலி. அவரும் கட்டவில்லை, நீங்களும் கட்டவில்லை. கட்டியவர் சிலுவையில் இருந்தார். ‘கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்களே’ என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது அதைத்தான். நமக்கு இலவசம் என்பதால் செலவே ஆகவில்லை என்று அர்த்தமில்லை.

மத்தேயு 20இல் வரும் திராட்சத்தோட்டத்து உவமையை ஞாயிறு பள்ளியில் நீங்களே எத்தனையோ தடவை சொல்லியிருப்பீர்கள். அதிகாலையில் வந்தவனுக்கும் ஒரு பணம். பதினோராம் மணிவேளையில், நம் கணக்குக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு, வந்தவனுக்கும் ஒரு பணம். நாம் எப்போதும் அதைக் காலையில் வந்தவன் பக்கத்தில் நின்றே வாசிக்கிறோம். சென்னைக்காரர்களுக்கு அதை மறுபக்கம் நின்று வாசிக்க வசதி இருக்கிறது. காலை ஏழு மணிக்குக் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிற ஏதாவது ஒரு சந்திப்பில் போய் நின்று பாருங்கள். கொத்தனார், சித்தாள், பெயிண்டர். கையில் சாப்பாட்டுப் பை. மேஸ்திரி பைக்கில் வந்து விரலை நீட்டுவார். முதலில் போவது வாட்டசாட்டமான பையன்கள். ஒன்பதரை மணிக்கு மேலும் நிற்பவர்கள் யார் என்று பாருங்கள். நரைத்தவர், முதுகு வளைந்தவர், முந்தின நாள் குடித்த வாடை இன்னும் போகாதவர். கொஞ்ச நேரத்தில் அவர்களும் சாப்பாட்டுப் பையைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்புவார்கள். உவமையில் சாயங்காலம் வரை நின்றவர்கள் சொன்னதும் அதுதான்: ‘ஒருவனும் எங்களுக்கு வேலையிடவில்லை.’

ஒரு பணம் என்பது அந்தக் காலத்து ஒரு நாள் கூலி. அன்றைக்கு ஒரு வீட்டில் அடுப்பெரிய வேண்டிய தொகை. ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு கொடுத்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும். அவன் வீட்டில் பிள்ளைகள் பட்டினியாகப் படுத்திருக்கும். தோட்டத்து எஜமான் வேலை நேரத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துவிட்டான். தேவன் தருகிற நீதியும் துண்டுபோட முடியாத விஷயம். முக்கால் மகள் என்று ஒரு உறவு உலகத்தில் இல்லை. ஏற்றுக்கொண்டால் முழுப்பிள்ளை, இல்லாவிட்டால் பிள்ளையே இல்லை. உங்களுக்கு நியாயம் செய்வதற்காக உங்கள் தம்பியை அரைப்பிள்ளையாக வாசலில் உட்காரவைக்க ஆண்டவருக்குத் தெரியாது.

காலையில் வந்தவர்கள் சொன்ன ஒன்றையும் கவனியுங்கள். ‘பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த எங்களுக்கு’ என்றார்கள். அந்த வெயிலை எஜமான் இல்லை என்று சொல்லவே இல்லை. நாலு வருஷம் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்த உங்கள் முதுகுவலியை யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காலையில் வந்தவனுக்கு ஒன்று கிடைத்தது. இன்றைக்கு வீட்டில் அடுப்பெரியும் என்ற நிம்மதியோடு பகல் முழுக்க இருந்தான். மற்றவன் சந்திப்பில் நின்று ஒவ்வொரு மணி நேரமும் செத்தான். உங்கள் கடிதத்துக்கு அடியில், எழுதப்படாமல், ஒரு வரி ஓடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது: ‘அவன் அனுபவித்தான், நான் உழைத்தேன்.’ குடிகாரர்கள் வீட்டுக்கு நான் நிறையப் போயிருக்கிறேன். அனுபவித்துக் கொண்டிருந்த ஒருவரையும் இதுவரை பார்க்கவில்லை.

அப்படியென்றால் 30 வருஷம் எதற்கு? யாக்கோபு தன் நிருபத்தில் ‘கிரியைகளில்லாத விசுவாசமும் செத்ததாயிருக்கிறது’ என்கிறாரே என்று நீங்கள் கேட்கலாம். கேட்காவிட்டால் நீங்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியையே இல்லை. பவுலும் யாக்கோபும் சாட்சிக்கு அழைப்பது ஒரே ஆபிரகாமை. ஆதியாகமத்தை வரிசையாக வாசித்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். 15ஆம் அதிகாரத்தில் அவன் விசுவாசித்தான், அது நீதியாக எண்ணப்பட்டது. இஸ்மவேல் பிறந்தபோது அவனுக்கு வயது 86. விருத்தசேதனம் 99 வயதில். ஆக, நீதிமான் என்று எண்ணப்பட்டுக் குறைந்தது 13 வருஷம் கழித்துத்தான் விருத்தசேதனம். பவுல் பிடித்துக்கொள்வது இந்த வரிசையைத்தான். யாக்கோபு சொல்கிற மோரியா மலை, ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிட ஏறின இடம், அதற்கும் பின்னால் வருகிறது. தேவனைத் தகப்பனாகக் கொண்டு நடந்த ஆபிரகாம் மகனாகச் செய்தது அது, அந்தத் தகப்பனைச் சம்பாதிக்கச் செய்தது இல்லை. அப்புறம், இருவரும் பேசுகிற ஆட்கள் வேறு. பசியோடு வந்த சகோதரனை ‘குளிர்காய்ந்து பசியாறுங்கள்’ என்று வாய்வார்த்தையில் அனுப்பிவிடுகிற ஆளிடம் யாக்கோபு பேசுகிறார். செய்ததையெல்லாம் எழுதிவைத்துக்கொண்டு காத்திருக்கிற ஆளிடம் பவுல் பேசுகிறார். உங்களுக்கு வந்தது பவுலின் கடிதம். நீங்கள் விலாசம் மாறி யாக்கோபின் கடிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அழுகிறீர்கள்.

திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரும் உங்களைப் போன்றவர்தான். துறவியாக இருந்த காலத்தில் ஒரு பாவமும் விட்டுப்போகக் கூடாதென்று மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்தவர். ‘தேவனுடைய நீதி’ என்ற சொல்லையே வெறுத்ததாக, சாவதற்கு முந்தின வருஷம், 1545இல், எழுதியிருக்கிறார். அது தன்னை அளக்கிற கோல் என்று நினைத்திருந்தார். தனக்குக் கொடுக்கப்படுகிற உடுப்பு என்று ரோமர் 1:17இல் புரிந்தபோதுதான் அவருக்கு மூச்சு வந்தது. இதெல்லாம் சீர்திருத்தச் சபைக்காரர்களின் சொத்து என்று நினைத்துவிட வேண்டாம். இதன் பேரில் பிரிந்து, 1547இல் கத்தோலிக்கரின் திரெந்துச் சங்கத்தின் தீர்மானத்தோடு இன்னும் விலகிப்போன கத்தோலிக்கரும் லூத்தரன்களும் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இதே விஷயத்தில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். நம்முடைய புண்ணியத்தினால் அல்ல, கிருபையினால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்று அதில் இரு பக்கமும் சேர்ந்து சொல்கிறது. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் உங்கள் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அம்மாவின் திருவிவிலியத்தை வாங்கிப் பாருங்கள். நாம் ‘நீதிமான்’ என்கிற பல இடங்களில் அதில் ‘ஏற்புடையவர்’ என்று இருக்கும். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். ‘நீதிமான்’ என்றதும் நாம் கண்ணாடி பார்க்கப் போய்விடுகிறோம். ‘ஏற்புடையவர்’ என்றால் ஏற்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்பது சொல்லிலேயே தெரிகிறது.

நம் ஊரில் இந்தக் கேள்வி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் வந்ததும் இல்லை. வைணவத்தில் வடகலையார் குரங்குக்குட்டியைக் காட்டுவார்கள். அது தாயைத் தானே கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தென்கலையார் பூனைக்குட்டியைக் காட்டுவார்கள். தாயே கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். சிலுவையைப் பற்றி அந்த உவமை பேசவில்லை, அதனால் ரெண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 30 வருஷம் குரங்குக்குட்டியாகத் தொங்கியவருக்குக் கை எவ்வளவு வலிக்கும் என்று புரிந்துகொள்ள அது உதவுகிறது.

உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத வரி வேறு. ‘ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டான். என்னிடம் கேட்கவே இல்லை.’ இது கிருபையைப் பற்றிய சந்தேகமே இல்லை. இது உங்களுக்கு வரவேண்டிய பாக்கி. இயேசுவே அப்படித்தான் சொல்கிறார். காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்த பிறகு சகோதரனுக்கு உன் பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறார். வரி வசூலித்த சகேயுவின் வீட்டிலும் வரிசையைப் பாருங்கள். முதலில் இயேசு ‘உன் வீட்டிலே தங்கவேண்டும்’ என்று போய்விடுகிறார். அதற்குப் பிறகுதான் சகேயு எழுந்து, அநியாயமாய் வாங்கினதை ‘நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்’ என்கிறான். கிருபைக்குள் வந்தவன் ஊர்க்காரர்களுடைய கடனை மறக்கவில்லை, அப்போதுதான் ஞாபகம் வந்தது. உங்கள் தம்பிக்கு அவ்வளவு நாள் கிடைக்கவில்லை. அல்லது வெட்கமாக இருந்திருக்கலாம். கடவுளைவிட அக்காவின் முகத்தைப் பார்ப்பது பல பேருக்குக் கஷ்டம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்த போதகராவது, ‘உங்கள் அக்காவிடம் பேசினீர்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எங்கள் ஆட்கள் செய்த தவறு அது. நான் உங்களிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். தம்பியின் மன்னிப்பு உங்களுக்குக் கிடைக்காமலே போயிற்று. அதை நினைத்து அழுங்கள். அதற்கு வசனம் தேட வேண்டாம்.

அடுத்து இராப்போஜனம். ‘அபாத்திரமாய்’ என்ற சொல்லுக்குப் பயந்து பந்தியைத் தவிர்க்கிறவர்கள் நம் சபைகளில் ஏராளம். 1 கொரிந்தியர் 11ஐக் கொஞ்சம் மேலிருந்து வாசியுங்கள். கொரிந்து சபையில் வசதியானவர்கள் முதலில் வந்து தங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுக் குடித்துவிடுவார்கள். இல்லாதவர்கள் வந்து சேரும்போது ஒன்றும் மிஞ்சாது. ‘ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்’ என்று பவுல் கோபப்படுவது அதற்குத்தான். ‘அபாத்திரமாய்’ என்பது அவர்கள் அந்தப் பந்தியை நடத்திய விதத்தைச் சொல்கிறது. பாத்திரவான்கள் மட்டும் வாருங்கள் என்ற அறிவிப்புப் பலகையாக நாம் அதை மாற்றிவிட்டோம். பாத்திரவான்கள் மட்டும் வருவதென்றால் அப்பத்தைப் பிட்கிறவரே முதலில் வெளியே போக வேண்டும். பந்திக்கு முன்னால் சொல்கிற ஜெபத்தை நீங்கள் மனப்பாடமாகச் சொல்வீர்கள். எங்கள் சொந்த நீதியை நம்பி வரவில்லை, உம்முடைய இரக்கத்தை நம்பி வருகிறோம் என்பதுதானே அதன் சாரம்? ஆங்கிலேயத் திருச்சபையில் 16ஆம் நூற்றாண்டில் பிறந்து நம் ஆராதனை முறைமை வரை வந்த ஜெபம் அது. நாலு மாதமாக நீங்கள் போகாமலிருக்கும் காரணம்தான் போவதற்கான தகுதி. அடுத்த முறை முழங்காற்படியிடும்போது தம்பியின் பேரில் இருக்கும் கோபத்தையும் கூடவே கொண்டுபோங்கள். வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வர வேண்டியதில்லை.

நோட்டைப் பற்றி. கிழிக்கச் சொல்ல மாட்டேன். எழுதி வைப்பது உங்கள் கை பழகிய வேலை, அதில் பாவம் ஒன்றுமில்லை. மூன்று மாதம் எழுதாமல் இருந்து பாருங்கள், அவ்வளவுதான். எழுதாத நாளில் செய்த ஜெபம் ஜெபமாகத் தோன்றுகிறதா இல்லையா என்று கவனியுங்கள். முதல் வாரம் கை பரபரக்கும். என் டைரியை விட்டபோது எனக்குப் பத்து நாள் சரியாகத் தூக்கமில்லை. லெந்து உபவாசத்தை விட வேண்டாம், ஞாயிறு பள்ளியையும் விட வேண்டாம். அதில் வருகிற பிள்ளைகளுக்கு உங்களைப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். 30 வருஷம் பிடிக்காமல் ஒருவரிடம் யாரும் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள்.

கடைசியாக ஃபீஸ். ‘மறுபடியும் நானா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தம்பி மனைவியிடம் ‘என்னால் முடியாது’ என்று சொன்னால் உங்கள் நீதியில் ஒரு நூல்கூடக் குறையாது. கொடுத்தால் ஒரு நூல் கூடவும் செய்யாது. இதை நன்றாக மனதில் போட்டுக்கொண்டு, அப்புறம் யோசியுங்கள். உங்களிடம் எவ்வளவு இருக்கிறது, ஓய்வுக்கு எவ்வளவு வேண்டும், உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். சபையில் கல்வி உதவி நிதி இருந்தால் அதற்கு விண்ணப்பிக்கச் சொல்லலாம், அதுவும் உதவிதான். கொடுப்பதென்று முடிவெடுத்தால் பள்ளி அலுவலகத்தில் நீங்களே கட்டி, பையன் பேரில் ரசீது வாங்கிக் கொடுங்கள். பணம் வேறு எங்கும் போகாது, உங்களுக்கும் நிம்மதி. நோட்டில் மட்டும் எழுத வேண்டாம்.

பையனைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கிறது, அதுவும் ஃபீஸோடு சேர்ந்து வருகிறது. அப்பா போய் நாலு மாதம் ஆகிறது. குடிகாரன் பிள்ளை என்று ஊர் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவன், இப்போது அப்பா நல்ல சாட்சியோடு போய்விட்டார் என்று அதே ஊர் சொல்வதையும் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்கும் உங்களைப் போலவே ஒன்றும் புரியாமல் இருக்கலாம். ஃபீஸ் கட்ட இன்னும் கொஞ்சம் நாள் இருக்கும். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவனை மட்டும் சாப்பிடக் கூப்பிடுங்கள். வளையல் பேச்சு வேண்டாம். அவனாக அவன் அப்பாவைப் பற்றிப் பேசினால், கேளுங்கள்.